அவன் சோம்பேறி இல்லை

(நாகலாபுரத்தில் மாலை நேர எழுத்தறிவு மையத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தொண்டர் பேசியது)





நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஹைஸ்கூல் வரைதான் படித்தேன். உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வந்தேன். உங்களிடம் நான் கற்றுக்கொண்டதும் நிறைய.

இன்றைக்குப் பாடம் இல்லை. நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறோம். படிப்பு வராத பிள்ளைகளைப் பற்றி.

போன வாரம் இங்கே ஓர் அக்கா அழுதார். "என் பையன் மூணாவது படிக்கிறான். ஒரு வரி படிக்க மாட்டேங்கிறான். மக்குப் பிள்ளையைப் பெத்துட்டேன்" என்றார். அன்றைக்கு என்னால் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. என் வீட்டுக் கதை நினைவுக்கு வந்தது. தொண்டை அடைத்துவிட்டது. இன்றைக்குச் சொல்கிறேன்.

என் தம்பியின் கதை

எனக்கு ஒரு தம்பி. என்னைவிட ஐந்து வயது சின்னவன்.

பேச்சில் கெட்டிக்காரன். ஒரு சினிமா பார்த்துவிட்டு வந்தால் முழுக் கதையும் சொல்வான். பழைய ரேடியோவைப் பிரித்துத் திரும்பப் பூட்டுவான். ஆனால் புத்தகம் என்றால் வயிறு வலிக்கும். திங்கள்கிழமை காலை வந்தால் கட்டாயம் வயிறு வலிக்கும்.

ஸ்கூலில் அவனைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். "சோம்பேறி. அடி கொடுத்தால் படிப்பான்" என்று நோட்டில் எழுதி அனுப்பினார்கள். அந்த நோட்டை அப்பாவுக்குப் படித்துக் காட்டியது நான்தான். அப்பா அடித்தார்.

சாயங்காலம் நானே அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள் பாடத்தைக் கடகடவென்று படித்தான். எனக்குச் சந்தோஷம். எட்டிப் பார்த்தேன். புத்தகத்தில் வேறு பக்கம் திறந்திருந்தது. நான் முந்தின நாள் படித்ததைக் காதால் கேட்டு, அப்படியே ஒப்பித்திருக்கிறான்.

எனக்குக் கோபம் வந்தது. "ஏமாத்துறியா?" என்று மர ஸ்கேலால் கையில் அடித்தேன். இரண்டு அடி இல்லை. பல அடி.

அம்மா பூக்கூடையோடு உள்ளே வந்தார். என் அம்மாவை உங்களுக்குத் தெரியும். நம் வேதநாராயண சாமி கோயில் வாசலில் பூ விற்கிறவர். அப்போது அவர் நம் மையத்தில் எழுத்து படிக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. என் கையிலிருந்து ஸ்கேலை வாங்கினார்.

"ஏண்டி அடிக்கிற? நான் இத்தனை வருஷம் எப்படி பஸ் ஏறினேன்? போர்டைப் படிச்சா ஏறினேன்? கலரைப் பார்த்தேன், டிரைவர் மூஞ்சியைப் பார்த்தேன், யாராவது திருப்பதின்னு கத்தினா ஏறினேன். என்னை யாரும் ஏமாத்துக்காரின்னு சொல்லலையே. அவனும் அதைத்தானே செய்றான்? எழுத்து தெரியலைன்னு சொல்ல வெக்கம். அதனாலே காதாலே படிக்கிறான்" என்றார்.

பத்தாவது வரை படித்த எனக்குத் தெரியாதது, புதிதாக எழுத்து படிக்கும் என் அம்மாவுக்குத் தெரிந்தது.

நமக்குத் தெரியாத கதையா?

நீங்களும் யோசித்துப் பாருங்கள். எழுத்து தெரியாத காலத்தில் நீங்கள் மக்காக இருந்தீர்களா? முழம் என்ன விலை, மூன்றரை முழத்துக்கு எவ்வளவு, ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கு மீதி எவ்வளவு என்று மனசிலேயே கணக்குப் போட்டீர்கள். சீட்டுக் கணக்கு வருஷக்கணக்கில் நினைவில் வைத்தீர்கள். எந்த நிலத்துக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று தெரிந்தவர்கள் நீங்கள்.

எழுத்து வேறு, புத்தி வேறு. எழுத்து வராததால் புத்தி இல்லை என்று ஆகாது.

பேச்சு நமக்குத் தானாக வருகிறது. தாய் பேசுவதைக் கேட்டே பிள்ளை பேசிவிடும். எழுத்து அப்படி இல்லை. மனிதன் செய்து வைத்த பொருள் அது. ஒருவர் சொல்லிக் கொடுத்தால்தான் வரும். சில பேருக்குச் சீக்கிரம் வரும். சில பேருக்கு எவ்வளவு சொன்னாலும் மெதுவாகத்தான் வரும்.

உங்களுக்குச் சின்ன வயசில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தும் பிடிபடவில்லை. காரணம் வேறு. வெட்கம் ஒன்றுதான்.

பெர்சி என்ற பையன்

இது நம் ஊரில் மட்டும் உள்ள விஷயம் இல்லை. இங்கிலாந்து நாட்டில் ஒரு பையன் இருந்தான். பெயர் பெர்சி. வயது 14. புத்திசாலி. விளையாட்டில் சுறுசுறுப்பு. கணக்குப் போடுவான். ஆனால் படிக்க வராது. ஏழு வயது முதல் பள்ளிக்கூடம், தனி வாத்தியார் எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். சின்னச் சின்னச் சொல்லைத் தாண்ட முடியவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான்.

பிரிங்கிள் மோர்கன் என்ற டாக்டர் அவனைச் சோதித்தார். 1896-ஆம் ஆண்டு ஒரு மருத்துவப் பத்திரிகையில் அவனைப் பற்றி எழுதினார். அவனுக்குப் பல வருஷம் பாடம் சொன்ன ஆசிரியர் ஒரு விஷயம் சொன்னாராம். எல்லாப் பாடத்தையும் வாயால் சொல்லிக் கொடுத்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் ஆள் என்றாராம்.

நூறு வருஷத்துக்கு முன்பே அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கு டாக்டர்கள் 'டிஸ்லெக்சியா' என்று பெயர் வைத்தார்கள். எழுதுவதில் மட்டும் சிக்கல் வருவது உண்டு. கணக்கில் மட்டும் சிக்கல் வருவதும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துக் 'கற்றல் குறைபாடு' என்கிறார்கள். 2007-இல் 'தாரே ஜமீன் பர்' என்று ஒரு இந்திப் படம் வந்தது. இப்படிப்பட்ட பையனின் கதைதான் அது.

'அம்மா' என்ற சொல்லில் எத்தனை ஒலி இருக்கிறது, எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று மூளை பிரித்துச் சேர்க்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த வேலை கடினம். கண்ணில் கோளாறு இல்லை. புத்தியில் குறைவு இல்லை. ஒரு குடும்பத்தில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வருவது உண்டு. இது யாருடைய பாவமும் இல்லை. கிரகக் கோளாறும் இல்லை. தாயத்து கட்டினால் போகாது. "படிப்பு வர மருந்து" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். இதைப் போக்கும் மாத்திரை கிடையாது. வேறு விதமாகச் சொல்லிக் கொடுப்பதுதான் வழி.

முதலில் ஐந்து கேள்வி

படிப்பு வராத எல்லாப் பிள்ளைக்கும் கற்றல் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது. முதலில் ஐந்து கேள்வி கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, கண். கரும்பலகை தெரிகிறதா? புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைக்கிறானா? ஒரு மூக்குக் கண்ணாடியிலேயே பிரச்சினை தீர்ந்துவிடலாம்.

இரண்டு, காது. காதில் சீழ் வடிகிறதா? கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறானா? சரியாகக் கேட்காத பிள்ளைக்குச் சரியாக எழுத வராது.

மூன்று, உடம்பு. காலையில் சாப்பிட்டானா? ரத்தம் குறைவாக இருக்கிறதா? ராத்திரி தூங்குகிறானா?

நான்கு, மொழி. நம் ஊரில் இதுதான் முக்கியம். நாம் எல்லை ஓரத்தில் இருக்கிறோம். இந்தப் பக்கம் புத்தூர், அந்தப் பக்கம் ஊத்துக்கோட்டை. முன்பு நம் ஊர் சித்தூர் மாவட்டம். 2022-இல் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்தார்கள். எந்த மாவட்டமானாலும் நம்மில் பலர் வீட்டில் பேசுவது தமிழ். ஸ்கூலில் தெலுங்கும் இங்கிலீஷும். தமிழில் 247 எழுத்து. தெலுங்கில் அதன் வரிசை வேறு. இங்கிலீஷில் 26 எழுத்துக்குப் பெரியது ஒன்று, சின்னது ஒன்று. எட்டு வயதுப் பிள்ளை மூன்று வண்டியை ஒரே நேரத்தில் இழுக்கிறது. வீட்டுப் பேச்சில் சொன்னால் புரிந்துகொள்கிறதா என்று பாருங்கள். புரிந்தால், அந்தப் பிள்ளைக்கு வேண்டியது மொழிப் பழக்கமாக இருக்கலாம்.

ஐந்து, பயம். வீட்டில் குடிச் சண்டை உண்டா? ஸ்கூலில் யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா? யாராவது தவறாக நடக்கிறார்களா? பயந்த மனசில் எழுத்து ஏறாது.

இந்த ஐந்தையும் பார்த்த பிறகும் படிப்பு வரவில்லை என்றால், அடுத்த அடையாளங்களைப் பாருங்கள்.

அடையாளங்கள்

- வாயால் நன்றாகப் பதில் சொல்வான். எழுதச் சொன்னால் ஒன்றும் வராது.
- நேற்றுப் படித்த எழுத்து இன்று புதிது போலத் தெரியும்.
- முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்வான். 'படம்' என்பதைப் 'பாடம்' என்பான்.
- 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் வருகிறது. அதில் குழம்பி நிற்பான். தெலுங்கில் 'ப', 'வ' இரண்டும் ஒன்று போலத் தெரியும். 12 என்பதை 21 என்று எழுதுவான்.
- கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

சின்னப் பிள்ளைகள் எல்லோரும் கொஞ்ச நாள் இப்படிச் செய்வார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று வருஷம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தும், எட்டு வயது ஆன பிறகும் இப்படியே இருந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சில பிள்ளைகள் வேறு மாதிரி. ஓர் இடத்தில் உட்கார மாட்டார்கள். கவனம் நிற்காது. சிலர் யாரோடும் சேர மாட்டார்கள், கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள். இவையும் குறும்பு இல்லை, திமிர் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் வேறு. எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

"அடியாத மாடு படியாது" என்று ஒரு பழமொழி சொல்வார்கள். பிள்ளை மாடு இல்லை. நான் அடித்தேன். என் தம்பிக்கு ஒரு எழுத்துகூடக் கூடுதலாக வரவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டால் புத்தகத்தை ஒளிக்கத்தான் கற்றுக்கொண்டான்.

என் அம்மா வேறு வழி செய்தார். ஒரு தட்டில் மணலைப் பரப்பினார். "வாடா, நானும் நீயும் சேர்ந்து படிக்கலாம். எனக்கும் 'ன'வும் 'ண'வும் குழம்புது" என்றார். விரலால் எழுதிக்கொண்டே வாயால் சத்தமாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு இரண்டே எழுத்து. கால் மணி நேரம். அவ்வளவுதான். அவனுக்குக் கேலி செய்ய ஆள் இல்லை. கூடப் படிப்பது அம்மா. அம்மாவும் தப்புப் போடுகிறார்.

மணலில் எழுதுவது நம் பழைய திண்ணைப் பள்ளி முறைதான். ஆண்ட்ரூ பெல் என்று ஒரு பாதிரியார். 1789-இல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியைப் பார்த்துக்கொண்டார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். கொஞ்சம் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார். 1797-இல் இதைப் பற்றி லண்டனில் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அங்கே பல பள்ளிகளில் பரவியது.

பிறகு அமெரிக்காவில் அன்னா கில்லிங்காம் என்ற ஆசிரியை, படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கென்றே பாடமுறை செய்தார். கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, வாயால் சொல்லி, கையால் எழுதிப் படிக்கும் முறை அது. சென்னையில் 1991-இல் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் என்ற அமைப்பு தொடங்கியது. ஆசிரியர்களுக்கு இந்த வேலையில் பயிற்சி கொடுத்துவருகிறது.

மணலில் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எழுத்து மெதுவாகப் பிடிபடும். அவ்வளவுதான். வீட்டில் இதையெல்லாம் செய்யலாம்:

- தினமும் கொஞ்ச நேரம். ஒரே இடம், ஒரே நேரம்.
- பெரிய சொல்லைத் துண்டு துண்டாகக் கைதட்டிச் சொல்லுங்கள். நா-க-லா-பு-ரம். ஐந்து தட்டு.
- பாடத்தை நீங்களோ அக்காவோ வாசித்துக் காட்டுங்கள். அவன் கேட்டுப் புரிந்துகொள்ளட்டும். எழுத்து வரும் வரை பாடம் காத்திருக்க வேண்டாம்.
- இரண்டு வரி படித்தாலும் "நல்லா படிச்சே" என்று சொல்லுங்கள்.
- அக்கா பிள்ளையோடு, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.
- அவனுக்கு வருகிற வேலையைச் செய்ய விடுங்கள். பாட்டோ, படம் வரைவதோ, ரிப்பேரோ, ஆடு மேய்ப்பதோ எதுவானாலும் சரி.

பெண் பிள்ளைகளை மறக்காதீர்கள். பையன் படிக்காவிட்டால் சத்தம் போடுகிறோம். பெண் படிக்காவிட்டால் "சரி, வீட்டு வேலை பார்க்கட்டும்" என்று நிறுத்திவிடுகிறோம். சீக்கிரம் கல்யாணமும் செய்துவிடுகிறோம். சத்தமில்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் இதே குறைபாடு இருக்கலாம்.

மனசு உடைந்தால்

என் தம்பி ஏழாவது படிக்கும்போது ஒரு விஷயம் தெரிந்தது. காலையில் பையை எடுத்துக்கொண்டு போவான். ஸ்கூலுக்குப் போகமாட்டான். மோட்டார் ரிப்பேர் கடை ஓரமாக உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் வருவான். இப்படி இருபது நாள் நடந்திருக்கிறது. அப்பா திட்டினார். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னான்: "நான் செத்துப்போனா உங்களுக்கெல்லாம் நிம்மதி."

அப்பா, "சும்மா மிரட்டுறான்" என்றார். அம்மா அப்படி விடவில்லை. அவன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார். வீட்டு மூலையில் வயலுக்குத் தெளிக்கும் பூச்சி மருந்து டப்பா இருந்தது. அந்த ராத்திரியே அதை எடுத்துக்கொண்டுபோய் நிலத்துக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வந்து அவனிடம் கேட்டார்: "சாகணும்னு தோணுதா கண்ணு?" அவன் தேம்பித் தேம்பி அழுதான். விடிய விடியப் பேசினான்.

கேட்டால் அந்த எண்ணம் அதிகமாகிவிடும் என்று பயப்படாதீர்கள். அன்பாகக் கேட்கலாம். கேட்டால் பாரம் குறையும்.

பத்து வயதுக்கு மேலே உள்ள பிள்ளைகளிடம் இவற்றைக் கவனியுங்கள். பிடித்த விளையாட்டையும் விட்டுவிடுவது. தூக்கம் கெடுவது. சாப்பாடு குறைவது. எதற்கெடுத்தாலும் கோபம். காரணமில்லாமல் தலைவலி, வயிற்றுவலி. "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற பேச்சு. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் உதவி தேட வேண்டும்.

சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நிமிஷமும் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்து, மாத்திரை, கயிறு எதுவும் கையில் படாமல் வையுங்கள். பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் வீட்டில் ஒரு பெரியவர் கூடவே இருங்கள்.

ஒரு எண்ணை எல்லோரும் எழுதிக்கொள்ளுங்கள். 14416. மனநல உதவிக்காக 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு போன் எண். பணம் கிடையாது. ராத்திரியிலும் பேசலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. எங்கள் வீட்டுக் கதவில் இரண்டு எண்ணையும் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறோம். எழுதியது என் அம்மா.

கேட்பது நம் உரிமை

நம் பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் என்ன நடந்தது? எழுத்தறிவு வகுப்பில் சீதம்மா என்ற பெண்ணின் கதையைப் பாடமாகப் படித்தார்கள். தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது ஊர் ஊராகப் பரவியது. 1993 அக்டோபர் முதல் தேதி ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. அந்தப் பெண்களும் அப்போதுதான் எழுத்து படித்தவர்கள், நம்மைப் போல.

நாமும் கேட்கலாம். கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசப் படிப்பு. பிள்ளையை அடிக்கக் கூடாது, மனசு நோகச் செய்யக் கூடாது என்று அதன் 17-ஆம் பிரிவு சொல்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதற்கு முன்பு 1995-இல் வந்த சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுதான் இருந்தது. கற்றல் குறைபாடு அதில் இல்லை. புதுச் சட்டத்தில் 21 வகை. அதில் கற்றல் குறைபாடும் ஒன்று. இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சீக்கிரம் கண்டுபிடித்து, அவர்களுக்கு ஏற்றபடி சொல்லிக் கொடுப்பது பள்ளியின் கடமை என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால், 18 வயது வரை இலவசப் படிப்பு.

பரீட்சையிலும் உதவி உண்டு. சான்று உள்ள பிள்ளைக்கு, சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரப் பரீட்சைக்குக் குறைந்தது 20 நிமிஷம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு வழிமுறை வகுத்தது.

எங்கே போவது?

முதலில் வகுப்பு ஆசிரியரிடம் போங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு சாரே பல பிள்ளைகளைப் பார்க்கிறார். "சார், என் பையனுக்கு வாயால் கேட்டால் பதில் தெரிகிறது. முன் பெஞ்சில் உட்கார வையுங்கள். எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்கச் சொல்லாதீர்கள்" என்று கேளுங்கள். நான் பார்த்தவரை நிறைய சார்கள் நல்லவர்கள். தெரிந்தால் செய்வார்கள்.

அடுத்து, மண்டலக் கல்வி அதிகாரி ஆபீஸ். சிறப்புக் கவனம் வேண்டிய பிள்ளைகளுக்காக மண்டலங்களில் 'பவிதா' மையங்கள் நடக்கின்றன. நமக்குப் பக்கத்தில் எது என்று அங்கே கேளுங்கள்.

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் டாக்டர் குழு வரும்போது பிள்ளையைக் காட்டுங்கள். 2013-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 18 வயது வரை உள்ள பிள்ளைகளைச் சோதிக்கிறார்கள். பெரிய சோதனைக்குத் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகள் டாக்டரும் மனநல டாக்டரும் அங்கே உண்டு. மனநல டாக்டரிடம் போனால் பைத்தியம் என்று அர்த்தம் இல்லை. காய்ச்சலுக்குப் போவது போலத்தான். சான்று வேண்டும் என்றால் 'சதரம்' முகாமைப் பற்றிக் கேளுங்கள்.

ஒரு தடவை போனால் வேலை முடியாது. எங்களுக்கு நாலு தடவை ஆனது. ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு ஒரு நாள் பூ வியாபாரம் போனது. அதனால் தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று தாய்மார் சேர்ந்து போங்கள். நான் கூட வருகிறேன்.

இப்போது என் தம்பி

அதன் பிறகு அவன் எல்லாப் பாடத்திலும் முதல் மார்க் வாங்கினான் என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படி நடக்கவில்லை.

ஸ்கூலுக்குத் திரும்பப் போனான். ஒன்பதாவது வரை படித்தான். பத்தாவதில் தவறிவிட்டான். அப்பா மறுபடி சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவனைச் சைக்கிளில் உட்கார வைத்து டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

இப்போது திறந்தநிலைப் பள்ளியில் பெயர் கொடுத்திருக்கிறான். அதில் ஒரே தடவையில் எல்லாம் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடமாக எழுதலாம். ஐந்தில் மூன்று பாஸ். இரண்டு பாக்கி. பகலில் மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலை. கடைக்காரர் சொல்கிறார்: "பையன் ஒரு தடவை பார்த்தா போதும், மறக்க மாட்டான்." இன்னமும் மெதுவாகத்தான் படிக்கிறான். விரல் வைத்துத்தான் படிக்கிறான். ஆனால் ஒளித்துப் படிப்பதில்லை.

போன மாதம் நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த ஸ்கேல் அடிக்காக. "அதை நான் மறந்துட்டேன் அக்கா" என்றான். அவன் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எதையும் மறக்காதவன் அவன்.

போன வாரம் அழுத அக்கா இன்றைக்கும் வந்திருக்கிறார். அக்கா, உங்கள் பையன் மக்கு இல்லை. சோம்பேறியும் இல்லை. நாளை சாயங்காலம் அவனை இங்கே கூட்டிவாருங்கள். உங்கள் பக்கத்திலேயே உட்காரட்டும். நீங்கள் 'கொ' எழுதும்போது அவனும் எழுதட்டும். மணல் தட்டு நான் கொண்டுவருகிறேன்.



பேசிப் பார்ப்போம்

1. நீங்கள் எழுத்து படிக்கத் தொடங்கியபோது எது கடினமாக இருந்தது? அப்போது யார் என்ன சொன்னால் நன்றாக இருந்திருக்கும்?
2. உங்கள் தெருவில் பள்ளியை நிறுத்திய பிள்ளை உண்டா? ஏன் நிறுத்தினார்கள்?
3. பிள்ளை படிக்கத் திணறினால் முதலில் எந்த ஐந்து விஷயம் பார்க்க வேண்டும்?
4. அம்மா பூச்சி மருந்தை ஏன் வீட்டை விட்டு அகற்றினார்?

எழுதிப் பார்ப்போம்

14416, 1098 ஆகிய எண்களை உங்கள் வீட்டுக் கதவில் எழுதுங்கள். ஆசிரியரிடம் உங்கள் பிள்ளையைப் பற்றிக் கேட்க வேண்டியதை இரண்டு வரியில் எழுதுங்கள்.